இரண்டு சைஸ் பெரிய நீச்சலுடை

பிள்ளைகளா, நீச்சல் போட்டியில் ஜெயிப்பது ஆளா, உடுப்பா என்று எங்கள் வீட்டில் மூன்று வாரம் பேச்சு ஓடியது. சாப்பிடும்போது ஓடியது, பஸ்ஸில் ஓடியது, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும் வழியிலும் ஓடியது. எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்த கதை இது. அப்போது நாங்கள் சிங்கப்பூரில், குவீன்ஸ்டவுனில் ஒரு மூவறை வீட்டில் குடியிருந்தோம். நீச்சல் குளம் நடந்து போகிற தூரம்தான். என் மூத்த மகள் உயர்நிலை ஒன்று படித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு நீச்சல் எங்கள் இரண்டு பேரிடமிருந்தும் வரவில்லை. நான் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவன். நாள் முழுக்கக் கடலுக்குப் பக்கத்திலேயே நிற்பேன், ஆனால் நீந்தத் தெரியாது. அவள் அம்மா கடற்கரைக்குப் போனால் கணுக்கால் நனைந்ததும் திரும்பி வந்துவிடுவாள். இப்படிப்பட்ட இரண்டு பேருக்கு மீன் குஞ்சு மாதிரி ஒரு பெண் பிறந்தது எங்களுக்கே ஆச்சரியம்.

அவள் பள்ளியில் பெண்களுக்கு ஒரு ரிலே குழு இருந்தது. நான்கு பேர் ஒருவர் பின் ஒருவராக நீந்த வேண்டும். ஒருத்தி நீந்தி வந்து சுவரைத் தொட்டதும் அடுத்தவள் குதிப்பாள். அந்த ஆண்டு மூன்று பேர் முடிவாகிவிட்டார்கள். மூவரும் பெரிய வகுப்புப் பிள்ளைகள். நாலாவது இடத்துக்கு இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருத்தி என் மகள். இன்னொருத்தி அவளுடைய வகுப்பிலேயே படித்த ஒரு சீனப் பெண். மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலையில் இரண்டு பேரையும் நூறு மீட்டர் நீந்தவிட்டுப் பார்ப்பதாகவும், முதலில் வருகிறவளுக்குத்தான் இடம் என்றும் பயிற்சி ஆசிரியை சொல்லிவிட்டார்.

அந்த இடத்துக்காக என் மகள் என்ன செய்வாள் என்று கேட்காதீர்கள், என்ன செய்யமாட்டாள் என்று கேளுங்கள். பல் விளக்கும்போது ஒரு கையில் பிரஷ் இருக்கும், இன்னொரு கை காற்றில் நீந்திக்கொண்டிருக்கும். ஐஸைச் சீவிப் பாகு ஊற்றித் தரும் ஐஸ் கச்சாங்கை விட்டாள். ஐஸ் கச்சாங்குக்கும் நீச்சலுக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் தம்பி கேட்டான். அவள் விட்டது விட்டதுதான்.

அதுவரைக்கும் பயிற்சியில் இவள்தான் முன்னால் வருவாள். ரொம்ப முன்னால் இல்லை, ஒரு தலை அளவு. திடீரென்று ஒரு செவ்வாய்க்கிழமை அது மாறிப்போனது. அந்தச் சீனப் பெண்ணுக்கு அவளுடைய மாமா ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு புது நீச்சலுடை வாங்கி வந்திருந்தார். போட்டிக்கென்றே செய்த உடுப்பாம். வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசு, பளபளவென்று இருக்கும், கையில் எடுத்தால் பொம்மைக்குத் தைத்த மாதிரிச் சின்னதாக இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு அவள் என் மகளுக்கு ஒரு கை நீளம் முன்னால் வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தவள் பையைக்கூடக் கழற்றவில்லை.

"அப்பா, அது ஸ்விம் சூட்டே இல்லப்பா. தோலு. எனக்கும் அது வேணும்."

அடுப்படியிலிருந்து அவள் அம்மாவின் குரல் வந்தது. "தோலு மாதிரி இருந்தா அத எதுக்குப் போடணும்?"

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். என் மனைவி மகளை நீச்சலுக்கு அனுப்பச் சம்மதித்தபோது ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். கடையில் வாங்கிய நைலான் நீச்சலுடையின் இடுப்பைச் சுற்றி, நாலு விரல் அகலத்துக்கு ஒரு குட்டிப் பாவாடை வைத்துத் தைத்துவிட்டாள். சுருக்கம் சுருக்கமாக, அழகாகத்தான் இருக்கும். மாதா கோயிலுக்கு வருகிறவர்கள் யாராவது பார்த்துவிட்டு ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்பது அவள் கவலை. அந்தப் பாவாடையோடுதான் என் மகள் இரண்டு வருடமாக நீந்திக்கொண்டிருந்தாள். அதோடுதான் ஒரு தலை முன்னாலும் வந்துகொண்டிருந்தாள்.

என் மனைவிக்கு அந்தப் புது உடுப்புக் கதையில் துளி நம்பிக்கை இல்லை. நீந்துவது கையும் காலும், துணி என்ன துடுப்பா போடுகிறது என்றாள். எனக்கு அப்படித் தள்ளிவிட முடியவில்லை. காரணம் என் வேலை.

பட்டறையில் எங்கள் ஆட்களின் வேலை கப்பலின் அடிவயிற்றைச் சுரண்டுவது. மாதக் கணக்கில் கடலில் கிடக்கும் கப்பலின் அடியில் பாசி பிடிக்கும், குட்டிக் குட்டிச் சிப்பிகள் ஆயிரக் கணக்கில் ஒட்டிக்கொண்டு வளரும். கைவிரல் நகம் அளவுதான் ஒவ்வொன்றும். ஆனால் அத்தனையும் சேர்ந்தால் அவ்வளவு பெரிய கப்பலும் திணறும். அதே இயந்திரம், அதே கப்பல், ஆனால் எண்ணெய் கூடக் குடிக்கும், மெதுவாகப் போகும். நாங்கள் சுரண்டி வழுவழுவென்று சாயம் அடித்து அனுப்பினால் அது புதுக் கப்பல் மாதிரி ஓடும். இதை என் கண்ணால் பார்த்தவன் நான். நக அளவு சிப்பி ஒரு கப்பலை இழுத்துப் பிடிக்கும் என்றால், நாலு விரல் பாவாடை ஒரு பிள்ளையை இழுத்துப் பிடிக்காதா?

இதை அன்று சாப்பிடும்போது விளக்கிச் சொன்னேன். என் மனைவி குழம்புக் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இப்ப பிள்ளையக் கப்பலுங்கிறீங்க, என் தையலச் சிப்பிங்கிறீங்க. அப்படித்தானே?"

நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன். ஆனால் மனதுக்குள் ஒரு திட்டம் போட்டுவிட்டேன். வாயால் சொன்னால் நம்பமாட்டாள், கையால் உணர்ந்தால் நம்புவாள்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் மூன்று பேரும் குளத்துக்குப் போனோம். பட்டறையில் மிச்சமாகக் கிடந்த மெல்லிய நைலான் கயிறு ஒன்றை, கேட்டுத்தான், எடுத்து வந்திருந்தேன். ஒரு முனையை மகள் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும், குப்புற மிதக்க வேண்டும், கையையோ காலையோ அசைக்கவே கூடாது. நான் குளத்தின் ஓரமாக நடந்துகொண்டே கயிற்றை இழுப்பேன். முதலில் பாவாடையை விரித்துவிட்டு ஒரு தடவை. பிறகு அதே பாவாடையைச் சுருட்டி ஊக்குக் குத்திக்கொண்டு ஒரு தடவை.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு தகப்பன் பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு மகளைக் கயிற்றால் இழுத்துப் போவதைப் பார்க்கச் சின்னப் பிள்ளைகள் வரிசையில் நின்றுவிட்டார்கள். என் மகள் தண்ணீருக்குள் முகத்தை வைத்திருந்தது மிதப்பதற்காக இல்லை, வெட்கத்துக்காக என்று பிறகு சொன்னாள். குளத்துக் காவலர் ஒரு மலாய்க்காரர். விசில் ஊதிக்கொண்டே ஓடி வந்து, அண்ணே, இங்கே மீன் பிடிக்கக் கூடாது என்று மலாயில் சொன்னார். நான் எனக்குத் தெரிந்த மலாயில் கப்பல், சிப்பி, பாவாடை எல்லாவற்றையும் விளக்கினேன். அவர், சரி, இன்னும் ஒரே ஒரு தடவை, அதுவும் நான் பார்க்க வேண்டும் என்றார்.

அந்த ஒரு தடவையைத்தான் நான் மனைவிக்காக வைத்திருந்தேன். கயிற்றை அவள் கையில் கொடுத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். பாதி தூரம் பாவாடை விரித்தபடி, மீதி தூரம் சுருட்டியபடி. குளத்தின் கடைசிக்கு வந்ததும், இரவுச் சமையலுக்கு என்ன வாங்குவது என்று கேட்டாள். ஆனால் மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது, அந்தக் குட்டிப் பாவாடை தனியாகப் பிரித்து, துவைத்து, மடித்து, பீரோவில் இருந்தது.

பாவாடை போனதும் கொஞ்சம் பலன் தெரிந்தது. அடுத்த பயிற்சியில் ஒரு கை நீளம் என்பது அரைக் கையாகக் குறைந்தது. ஆனாலும் அந்தப் பெண்தான் முன்னால். தேர்வுக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. சரி, அந்த உடுப்பையே வாங்கிவிடுவோம் என்று முடிவெடுத்தோம். குவீன்ஸ்வே பக்கம் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் அதே மாதிரி வந்திருப்பதாக மகளே விசாரித்து வைத்திருந்தாள்.

கடைக்காரர் வயதான சீனர். மகளை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒன்றை எடுத்துப் போட்டார். என் மனைவி அதைத் தூக்கிப் பிடித்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது என் தலையணை உறைக்குக்கூடப் பத்தாது என்றாள். கடைக்காரர் இழுத்துக் காட்டினார், ரப்பர் மாதிரி நீண்டது. இது இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும், போடவே கஷ்டப்பட வேண்டும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார்.

பிள்ளைகளா, அப்போது நான் அவர் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். கப்பல், சிப்பி என்று அவ்வளவு பேசியவன் நான்தானே? ஆனால் ஒரு துணிக்கடை மாதிரி இடத்தில் நின்றதும், கையில் ஒரு புது உடுப்பைப் பார்த்ததும், நான் கப்பல் பட்டறைக்காரனாக இல்லாமல் வெறும் தகப்பன் ஆகிவிட்டேன். எங்கள் வீட்டில் எது வாங்கினாலும் வளருகிற பிள்ளை என்று சொல்லித்தான் வாங்குவோம். பள்ளிச் சப்பாத்து வாங்கினால் முன்னால் பஞ்சு அடைத்துக் கொடுப்போம். கோயிலில் முதல் அப்பம் வாங்கும் புதுநன்மைக்கு எடுத்த வெள்ளைக் கவுனின் கீழ்மடிப்பு ஒரு சாண் இருந்தது, மூன்று கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்துவிட்டோம். பள்ளிச் சீருடை முதல் வருடம் அவளைப் போட்டிருக்கும், இரண்டாம் வருடம்தான் அவள் அதைப் போட்டிருப்பாள்.

ஆகவே என் மனைவி, "வளர்ற பிள்ளை. ரெண்டு சைஸ் பெருசாக் கேளுங்க" என்றபோது, எனக்கு அது தப்பாகவே படவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு கேட்டேன். கடைக்காரர் எங்கள் ஊர் வழக்கப்படி வேண்டாம் லா, வேண்டாம் லா என்று இரண்டு தடவை சொன்னார். நீச்சலுடையைப் போட்டுப் பார்க்கவும் கடையில் விடமாட்டார்கள். மகளின் சீருடைக்கு மேலேயே வைத்துப் பார்த்தோம். தோள்பட்டையிலிருந்து தொடை வரை தாராளமாக வந்தது. அடுத்த வருடத்துக்கும் ஆகும் என்றாள் அவள் அம்மா. மகளாவது தடுத்திருக்கலாம். ஆனால் அவள் அந்தப் பளபளப்பைத் தடவிக்கொண்டு வேறு உலகத்தில் இருந்தாள். பெரியதா சின்னதா என்று அவள் பார்க்கவே இல்லை.

அடுத்த பயிற்சி நாளன்று எனக்குக் காலை வேலை. மத்தியானமே குளத்துக்குப் போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். மகள் புது உடுப்போடு மேடையில் ஏறினாள். தோள்வாரை ஒரு கையால் பிடித்துக்கொண்டே நின்றது எனக்குக் கொஞ்சம் இடித்தது. விசில் ஊதியதும் குதித்தாள்.

குதித்த வேகத்தில் கழுத்து வழியாகத் தண்ணீர் உள்ளே புகுந்து, வயிற்றுப் பக்கம் பலூன் மாதிரி உப்பிவிட்டது. இரண்டு கை போட்டாள், ஒரு வார் நழுவியது. அதை ஏற்றிவிட்டாள், அடுத்த வார் நழுவியது. கையால் நீந்துவதா, உடுப்பைப் பிடிப்பதா? அந்தச் சீனப் பெண் போய்த் திரும்பி வந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு இவளுக்காகக் காத்திருந்தாள். பாவாடை வைத்த நைலானில்கூட இவ்வளவு மெதுவாக இவள் வந்ததே இல்லை.

பயிற்சி ஆசிரியை என்னிடம் வந்தார். இளம் வயதுச் சீனப் பெண்மணி, அதிகம் பேசமாட்டார், பேசினால் ஆங்கிலம்தான்.

"அங்கிள், யாருக்கு வாங்குனீங்க இந்த சூட்டு? அவளுக்கா, அவ அம்மாவுக்கா?"

என் மகள் அன்று வீட்டுக்கு வந்து குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அந்த அழுகை உடுப்புக்காக இல்லை. இனி நாலாவது இடம் போய்விட்டது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். நனைந்த நீச்சலுடையைக் கடையில் திருப்பி எடுக்கமாட்டார்கள். இன்னொன்று வாங்க எங்களால் அப்போது முடியாது. நான் ஹாலில் உட்கார்ந்து என்னையே திட்டிக்கொண்டேன். சிப்பி ஒட்டிய கப்பலைச் சுரண்டிவிட்டு, அதன் மேல் ஒரு சாக்கைப் போர்த்தி அனுப்பியிருக்கிறேன்.

என் மனைவி அழவும் இல்லை, திட்டவும் இல்லை. மறுநாள் அந்த உடுப்பைப் பையில் போட்டுக்கொண்டு தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவுக்குப் போனாள், அவளுக்கு ரவிக்கை தைக்கும் தையல்காரரைப் பார்க்க. அவர் துணியை இழுத்துப் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாராம். இது என் மெஷினில் ஓடாது, துணி நீளும், நூல் நீளாது, பிள்ளை மூச்சு விட்டாலே பட்டென்று அறுந்துவிடும் என்றாராம். அவள் சும்மா திரும்பவில்லை. அங்கேயே நின்று யோசித்திருக்கிறாள். வரும்போது ஒரு உருண்டை நூலும் ஒரு பாக்கெட் ஊசியும் வாங்கி வந்தாள்.

அவள் யோசித்தது கல்யாண வீடுகளை. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெண்ணுக்குத் தைத்த ரவிக்கை கடைசி நேரத்தில் தொளதொளவென்று இருந்தால், பெரியம்மா யாராவது பெண்ணை நிற்கவைத்து, போட்டபடியே இரண்டு பக்கமும் பிடித்து ஊசி நூலால் ஓட்டிவிடுவார்கள். போட்டோ எடுத்து முடிகிறவரை தாங்கினால் போதும். அதையே செய்வோம் என்றாள். உடுப்பைத் தைத்துவிட்டுப் பிள்ளைக்குப் போடுவதில்லை. பிள்ளை மேல் போட்டுவிட்டு, அப்புறம் தைப்பது.

தேர்வு நாள் காலையில் அறைக்குள் இரண்டு பேரும் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் வெளியே நின்றபடி, மடிப்பின் வாய் கால் பக்கம் பார்த்து இருக்கட்டும், தலைப் பக்கம் பார்த்தால் தண்ணீர் புகுந்துவிடும் என்று பட்டறை அறிவுரைகளைக் கதவு வழியாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நூல் நீளாது என்பதற்காக அவள் நேராக ஓட்டாமல், குறுக்கும் மறுக்குமாகப் பின்னல் மாதிரிப் போட்டாள். அப்படிப் போட்டால் துணியோடு சேர்ந்து கொஞ்சம் நீளுமாம்.

"கையத் தூக்கு. அசையாத. மூச்சு விடாத" என்று உள்ளே சத்தம் கேட்டது.

"மூச்சு விடாம நூறு மீட்டர் எப்படிம்மா?"

"அங்க போய் விட்டுக்க. இங்க விடாத, ஊசி குத்தும்."

தைத்து முடித்ததும் இன்னொரு சிக்கல் தெரிந்தது. இனி போட்டி முடிகிறவரை அதைக் கழற்ற முடியாது. காலைப் பாலில் பாதியைத் தம்பிக்குக் கொடுத்தாள். மேலே பள்ளிச் சட்டையையும் கால்சட்டையையும் மாட்டிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, கல்யாணப் பெண் மாதிரி அளந்து அளந்து நடந்து வந்தாள். வழியில் குனிந்து சப்பாத்து நூலைக் கட்டக்கூட அவள் அம்மா விடவில்லை. நான்தான் கட்டிவிட்டேன்.

குளத்தில் அன்று அவள் பள்ளிப் பிள்ளைகள்தான். அம்மா உடை மாற்றும் அறைப் பக்கம் நின்றுகொண்டாள், எனக்குப் படிக்கட்டின் ஒரு ஓரம். இரண்டு பெண்களும் பக்கத்துப் பக்கத்துத் தடத்தில் மேடை ஏறினார்கள். இரண்டு பேரும் பளபளவென்று ஒரே மாதிரி இருந்தார்கள். இவள் தோள்வாரைப் பிடிக்கவில்லை என்பதை முதலில் பார்த்தேன்.

விசில். குதித்தார்கள். இந்த முறை உப்பவில்லை. ஐம்பது மீட்டர் போகும்போது யார் முன்னால் என்று என்னால் சொல்ல முடியவில்லை. சுவர் வந்தது, இரண்டு பேரும் குட்டிக்கரணம் போட்டுத் திரும்பினார்கள். திரும்பியதும் என் மகள் கொஞ்சம் பின்னால் போனாள். அரைக் கை இருக்கும். முடிந்தது என்று நினைத்தேன். பிறகு அவள் காலடியில் தண்ணீர் வெள்ளையாகக் கிளம்பியது. கடைசிப் பத்து மீட்டரில் அவள் மூச்சு எடுக்கத் தலையைத் திருப்பினாளா என்று எனக்குத் தெரியாது, நான் எடுக்கவில்லை. சுவரை இரண்டு பேர் கையும் தொட்டது. ஆசிரியை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என் மகளைப் பார்த்துத் தலையை அசைத்தார். ஒரு விரல் நீளம்தான். ஆனால் நாலாவது இடம் அவளுக்கு.

மகளை அவள் அம்மா கத்தரிக்கோலோடு உடை மாற்றும் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள், தையலை வெட்ட. எனக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. குளத்துக் காவலர் என்னை அடையாளம் கண்டு கையைக் காட்டினார். கயிற்றுக்காரர் என்று நினைவு வைத்திருந்தார். பார்த்தீர்களா, எல்லாம் அந்த உடுப்புதான், நான் சொன்னேனே, கப்பல் மாதிரிதான் என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அடுத்து ஆசிரியையிடம் போய், உடுப்பு இறுக்கமானதும் எப்படி ஓடினாள் பார்த்தீர்களா, துணியில்தான் எல்லாம் இருக்கிறது என்றேன். அவர் புன்னகை மட்டும் செய்தார். படிக்கட்டில் அந்தச் சீனப் பெண் துண்டைப் போர்த்திக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லலாம் என்று போனேன். கவலைப்படாதே, நீ நன்றாகத்தான் நீந்தினாய், அவள் ஜெயித்தது அந்த உடுப்பால்தான் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் குனிந்து தன் உடுப்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். யெஸ் அங்கிள் என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டாள். பாவம், மரியாதையான பிள்ளை.

கால் மணி நேரம் கழித்து என் மனைவியும் மகளும் வெளியே வந்தார்கள். மகள் முகத்தில் ஜெயித்த களையைக் காணோம். அந்தச் சீனப் பெண் நான் சொன்னதை உள்ளே போய் இவளிடம் சொல்லியிருக்கிறாள்.

"அப்பா, எல்லார்கிட்டயும் சூட்டாலதான் ஜெயிச்சேன்னு சொன்னீங்களா?"

ஆமாம், பின்னே என்றேன்.

"அவளும் அதே சூட்டுதானே போட்டிருந்தா? ரெண்டு பேரும் ஒண்ணையே போட்டா சூட்டு எப்படிப்பா ஜெயிக்கும்?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் மனைவி கையிலிருந்த ஈர உடுப்பை விரித்துப் பிடித்தாள்.

"இங்க பாருங்க. நான் வெட்டல. நான் வெட்டுறதுக்கு முன்னாடியே இப்படித்தான் இருந்துச்சு."

வலது பக்கத் தையல் அக்குளிலிருந்து இடுப்பு வரை ஒரு சாண் நீளத்துக்கு அறுந்து வாய் பிளந்திருந்தது. சுவரில் குட்டிக்கரணம் போட்டு உதைத்தபோது பட்பட்டென்று தெறித்துவிட்டதாம். நான் உட்கார்ந்த பக்கத்துக்கு அது தெரியவில்லை.

"திரும்புனதுலேருந்து இந்தப் பக்கம் வாளி மாதிரி தண்ணி" என்றாள் மகள். "பாதிக்கு மேல வாளியோடதான் வந்தேன். அந்த அம்பது மீட்டர யாரு நீந்துனது, சூட்டா?"

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று வாரமாகப் பல் விளக்கும்போதும் கை சுற்றியவள் அவள். அதை நான் ஒரு துணிக்கு எடுத்துக் கொடுத்துவிட்டேன். ஜெயித்த பிள்ளையைக் குளத்தங்கரையிலேயே அழவைத்த தகப்பன் வேறு யாரும் இருப்பார்களா தெரியவில்லை.

உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். உடுப்பு கொஞ்சம் உதவத்தான் செய்யும். கயிற்றில் நான் உணர்ந்தது உண்மை, என் மனைவி உணர்ந்ததும் உண்மை. ஒருத்திக்கு இருந்து இன்னொருத்திக்கு இல்லாவிட்டால் அது அரைக் கை, ஒரு கை. இரண்டு பேருக்கும் இருந்துவிட்டால் அது வெறும் துணி. இவ்வளவு சின்னக் கணக்கு எனக்குத் தெரியாமல் போயிற்று, பதின்மூன்று வயதுப் பெண் சொல்ல வேண்டியிருந்தது.

கொஞ்சம் இரு என்று சொல்லிவிட்டு நான் திரும்பி நடந்தேன். முதலில் காவலரிடம். நான் சொன்னது தப்பு, உடுப்பு பாதியில் கிழிந்துவிட்டது, பிள்ளைதான் நீந்தினாள் என்றேன். அவர் இந்தத் தடவை கப்பல் எங்கே வருகிறது என்று காத்திருந்தார், வராததைப் பார்த்துச் சிரித்துவிட்டார். சீனப் பெண்ணைத் தேடினேன், அவள் துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னது தப்பு, உடுப்பால் இல்லை, இரண்டு பேரும் சரிக்குச் சரியாக நீந்தினீர்கள், அவள் ஒரு விரல் முன்னால் வந்துவிட்டாள் என்றேன். தெரியும் அங்கிள், நான் பக்கத்தில்தானே இருந்தேன் என்றாள். இப்போது கொஞ்சம் சிரிப்பு வந்தது அவளுக்கு.

கடைசியாக ஆசிரியை. அவர் கடிகாரங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் ஆரம்பத்திலிருந்து விளக்கத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அங்கிள், பரவால்ல லா. நான் சூட்டப் பாக்கவே இல்ல. அவ காலத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். திங்கக்கிழமை மூணு மணி, லேட்டா வரக் கூடாதுன்னு சொல்லுங்க."

மகளிடம் வந்து சொன்னேன். அவள் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, யார் யாரிடம் போய்ச் சொன்னேன், என்ன வார்த்தையில் சொன்னேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அத்தனையும் ஒப்பித்தேன். சரி என்றாள். பிறகு மூன்று வாரமாகத் தொடாத ஐஸ் கச்சாங் ஒன்று வேண்டும் என்றாள். வாங்கப் போகும் வழியில் என் மனைவி மட்டும் மெதுவாக என் பக்கம் சாய்ந்தாள்.

"யாரு நீந்துனான்னு சொன்னீங்க, சரி. அறுந்த தையல் யாரு போட்டதுன்னு யார்கிட்டயும் சொல்லலையே?"

சொல்லவில்லை என்றேன்.

"சொல்லாதீங்க" என்றாள்.